‘ஆம்’ போடும் வாலண்டைன்

“ரவாங்கில புலி எறங்கிருச்சு!” என்கிறார் காப்பிக் கடையில் ஒருவர்.

“எறங்கிருச்சாம்” என்கிறார் வாலண்டைன், கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல்.

“தம்புசாமி வேலைய விட்டுட்டாரு.”

“விட்டுட்டாராம்.”

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பை ஒட்டிய அந்தக் கடையில் காலை ஏழு மணிக்கு இந்தத் திருத்தம் தினமும் நடக்கிறது. எங்களில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. “என் ரெண்டு கண்ணால பாத்தேன், கிராணியாரே!” என்று யாராவது சத்தியம் செய்தால், வாலண்டைன் தம் ‘ஆம்’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புலி எத்தனை அடி நீளம் என்று மரியாதையாக விசாரிப்பார்.

நாற்பது வயது, ஒல்லி உடம்பு, வெள்ளைக் கால்சட்டை. மழை வரும் என்று யார் சொன்னாலும் குடை எடுக்கமாட்டார். முதல் சொட்டு தரையில் விழுந்ததைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குள் பாதி வழி வந்திருப்பார். கோலாலம்பூர் மழையைத்தான் தெரியுமே, வாரத்தில் மூன்று நாள் நனைந்துகொண்டேதான் வேலைக்குப் போகிறார்.

வேலை, ஒரு தமிழ்த் தினசரியில் மொழிபெயர்ப்பு; எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே கிராணி என்பார்கள். வருகிற தந்திகளையும் சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகைகளையும் தமிழாக்கி அச்சுக் கோப்பவரிடம் கொடுக்க வேண்டும். ‘சொல்லப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று ஆங்கிலக்காரன் நீட்டி முழக்குவதையெல்லாம் நம் மொழி ஒரே அசையில் முடித்துவிடுகிறது என்பதில் இவருக்குப் பெரிய பெருமை. குண்டு போட்டார்களாம். செத்தவர் நூறு பேராம். எழுதுகிறவன் பார்க்கவில்லை என்பது அந்த ஓர் அசையிலேயே தெரிந்துவிடும்.

அந்த அசையின் மீதுதான் முதலாளி பழனியப்பனுக்குப் பகை. நல்ல மனிதர். தொழிலாளி வீட்டில் காய்ச்சல் என்றால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார். ஆனால் திருத்துவதற்கு நீலப் பென்சிலைக் கையில் எடுத்தால் வேறு ஆள்.

“ஆம் போட்ட பேப்பர எவன்யா வாங்குவான்? கொன்றான்னு போடு. சந்தேகத்தைக் காசு குடுத்து வாங்குவானா மனுஷன்?”

போன வருஷம் ஜூலையில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் சண்டை மூண்டதும் நீலப் பென்சில் நாளுக்கு ஒன்று தேய்ந்தது. தலைப்புக்கென்று உள்ளங்கை அகலத்தில் மர எழுத்துகள் வந்து இறங்கின. சாயங்காலப் பதிப்பு ஒன்றும் தொடங்கிற்று.

வாலண்டைனுக்கு இதில் ஒரு தனி உறுத்தல் இருந்தது. துறைமுக ஊரான கிள்ளானில் மியாகி என்ற ஜப்பானியர் படம் பிடிக்கும் கடை வைத்திருக்கிறார். பத்திரிகைக்குப் படம் வாங்கப் போய்ப் பழக்கம். இருவருக்கும் பொதுமொழி மலாய். ஆறு வருஷத்துக்கு முன் மியாகி தம் ஊர்ப் பத்திரிகைகளைத் தரையில் பரப்பிக் காட்டினாராம். (நேரில் நான் இல்லை, அதனால் நானும் ‘ஆம்’ போட்டுவிடுகிறேன்.) சீனாவின் மஞ்சூரியாவில் இரயில் பாதையில் ஒரு வெடி. வைத்தவன் யார் என்று யாரும் தேடும் முன்பே, சீனன்தான் என்று பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து. மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாக விசேஷப் பதிப்பு. ஆகாய விமானத்தில் பறந்து வந்த படங்கள். ‘சற்றுப் பொறுப்போம்’ என்று எழுதிய பத்திரிகையை ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் அதுவும் கூடச் சேர்ந்து கத்தியது. சண்டை வேண்டாம் என்று நினைத்த மந்திரிகள் வாய் திறக்கப் பயந்தார்கள்.

“சூராட் காபார் பெராங் டூலு, சொல்டாடு பெலாகாங்” என்றாராம் மியாகி. பேப்பர் முன்னால் சண்டைக்குப் போயிற்று, பட்டாளம் பின்னால் போயிற்று.

“அதுக்கப்புறந்தான் இவருக்கு இந்த ஆம் பைத்தியம் முத்திப்போச்சு” என்கிறார் மனைவி லூசி.

சண்டை மூண்ட மறுமாதம், ஆகஸ்டில், கிள்ளான் நிருபரிடமிருந்து நான்கு வரி வந்தது. மியாகி, துறைமுகத்தைத் தம் நாட்டு இராணுவத்துக்காகப் படம் எடுக்கிறார் என்று ஊரில் பேச்சு. வாலண்டைன் எழுதினார்: “எடுக்கிறாராம். நேரில் பார்த்தவர் எவரும் இல்லை.” நீலப் பென்சில் முதல் வாக்கியத்தின் வாலை நறுக்கி, இரண்டாவதை முழுசாக அடித்தது. மேலே ஒரு தலைப்பும் ஏறியது: ‘கிள்ளானில் ஜப்பானிய வேவுக்காரன்!’

“பாத்தது யாரு, மொதலாளி?”

“ஊரே சொல்லுதுய்யா.”

“ஊரு பாத்துச்சா?”

“நேரமாச்சு, வீட்டுக்குப் போ.”

வாலண்டைன் வீட்டுக்குப் போனார். அப்படிப் போனதைத்தான் இன்னும் சொல்லி வருந்துகிறார்.

மூன்றாம் நாள் காலை காப்பிக் கடைக்கு லோரி ஓட்டும் நாகையா வந்தார். மேசையில் இருந்த நாங்கள் நான்கைந்து பேரும் அவர் கதையைக் கேட்டோம்.

“கிள்ளான்ல அந்த வேவுக்காரன் கடைய நொறுக்கிட்டோம் லா! கூட்டம் சும்மாதான் நின்னுச்சு. மொதக் கல்லு நம்ம கல்லு.”

வாலண்டைன் தலையை நிமிர்த்தினார். “அவரு வேவுக்காரர்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“பேப்பர்லயே போட்டிருக்கே, அப்புறம் என்ன?”

“அத எழுதினது நான்.”

நாகையாவின் முகம் மலர்ந்தது. “நீங்கதானா கிராணியாரே! நல்லா எழுதியிருந்தீங்க.”

வாலண்டைன் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் எழுதினது அது இல்ல, நாகையா.”

“அப்ப அவன் வேவுக்காரன் இல்லியா?”

“எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் எழுதினேன்.”

அன்று அலுவலகத்தில் அவர் பேனாவை எடுக்கவில்லை. திருத்தம் போட்டால்தான் தந்தியைத் தொடுவேன் என்று கைகட்டி உட்கார்ந்துவிட்டார். மாலைப் பதிப்பு நெருங்க நெருங்க முதலாளிக்கு வியர்த்தது. கடைசியில் மூன்று வரி கிடைத்தது: நான்காம் பக்கத்தில், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே. அந்தப் பக்கத்தை நாகையா போன்றவர்கள் படிக்கமாட்டார்கள் என்பது வாலண்டைனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோவிலுக்கு உடுத்திய உடையோடு அவரும் லூசியும் கிள்ளான் இரயில் ஏறினார்கள். துணைக்கு நானும் போனேன். மியாகியின் கடைக் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அறைந்திருந்தது. அவர் புருவத்தின் மேல் கட்டு. பக்கத்தில் பாதி கட்டிய பெட்டி. எங்களைக் கண்டதும், உங்கள் பேர் கெட்டுவிடும், போய்விடுங்கள் என்று மலாயில் கெஞ்சினார்.

வாலண்டைன் உள்ளே போய், படம் எடுக்க உட்காரவைக்கும் பெரிய நாற்காலியை நடைபாதைக்கு இழுத்து வந்தார். லூசி உட்கார்ந்தார். பாசார் கடைகளிலிருந்து ஆட்கள் கூடினார்கள்.

“ஜப்பான்காரன் ஆளாய்யா நீ?” என்று ஒருவன் கத்தினான்.

லூசி முந்தானையைச் சரிசெய்தார். “படம் எடுக்க வந்தவங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்குது.”

என்ன தோன்றியதோ, முன்னால் நின்ற இரண்டு பேர் ஒதுங்கினார்கள். மியாகி காமிராவை வெளியே கொண்டுவந்து வைத்து, அதன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். படத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும். வாலண்டைன் நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றி, கூட்டத்தை நேராகப் பார்த்து, மூச்சை அடக்கி, இமைக்காமல் நின்றார்.