கேட்காமல் போட்ட புள்ளடி

கணினித் திரையில் இருந்த அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மருத்துவமாதுவாகப் பத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். என் முன்னால் எந்தத் தாயும் அப்படி எழுந்து போனதில்லை.

எங்கள் பணிமனையில் இரண்டு நாள் பயிற்சி. பிள்ளை பெற்ற பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று எப்படிக் கேட்டறிவது என்பதுதான் பாடம். திரையில் கணினியே உருவாக்கிய ஒரு பெண் கைக்குழந்தையோடு இருப்பாள். நாங்கள் மைக்கில் கேட்க வேண்டும், அவள் பதில் சொல்லுவாள். அவள் பேசியது இந்தியத் தமிழுமில்லை, எங்கள் தமிழுமில்லை.

"பொம்மையோடை கதைக்கவோ டொக்டர் எங்களைக் கூப்பிட்டனீங்கள்?" என்று பயிற்சி தந்த இளம் வைத்தியரிடமே கேட்டேன்.

அவர் சிரித்தார். "கதைச்சுத்தான் பாருங்கோவன், அக்கா."

கதைத்தேன். தூக்கம் வரவில்லை என்றாள். "பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை ஆருக்கு நித்திரை வந்தது?" என்றேன். எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாள். "பிள்ளையின்ரை முகத்தைப் பாரும், எல்லாம் சரிவரும்" என்றேன். அவ்வளவுதான், போய்விட்டாள். மூன்று முறை இப்படி நடந்தது. நாலாம் முறை வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே சொல்லத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடுகளில் என்னை விட்டு யாரும் எழுந்து போகாதது என் கெட்டித்தனத்தால் அல்ல. "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டிக்கொண்டே, இந்த மனுசி எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

படிவத்தில் உள்ள பத்துக் கேள்விகளில் கடைசிக் கேள்வியில் மறுபடி நின்றுவிட்டேன். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்ததா என்று நேராகக் கேட்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பதா? அறம் பாடியது போலாகிவிடாதா? வேலைக்கு வந்த நாள் முதல் நான் அதை யாரிடமும் கேட்டதேயில்லை.

"கேட்டால் இல்லாத நினைப்பு வராது, அக்கா. இருக்கிற நினைப்புத்தான் வெளியிலை வரும்" என்றார் வைத்தியர்.

போன கிழமைதான் உரும்பிராயில், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து பத்து நாளான ஒரு தாயிடம் இதே பத்துக் கேள்விகளுக்கான படிவத்தை நிரப்பியிருந்தேன். மாமியார் பக்கத்திலேயே நின்றார். ஒன்பது கேள்விகளை மளமளவென்று வாசித்தேன். ஒன்பதுக்கும் "பிரச்சினை இல்லை மிஸ்" என்றாள். பத்தாவதைக் கேட்காமலே "ஒருபோதும் இல்லை" என்ற இடத்தில் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். அவள் பிள்ளையைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் இருந்த பிள்ளையார் எல்லாருக்கும் நேர்த்தி வைத்தேன். கேற்றடியில் நின்று கூப்பிட்டபோது அவளே வந்து திறந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இவவோடை கொஞ்சம் தனியக் கதைக்கோணும், அம்மா" என்று மாமியாரிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். பத்தாவதையும் கேட்டேன்.

"சாகவேணும் போலை இருந்ததோ, பிள்ளை?"

அவள் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை அதுதான்.

"ஓம் மிஸ்" என்றாள். "நேற்றும் இருந்தது."

பிறகு அழுதாள். "அழாதை" என்று நான் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளை ஒரு நிமிடமும் தனியே விடாமல், அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கணவர் ஓட்டோ பிடித்து வந்தார். மாமியார் பிள்ளையோடு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். "பிள்ளைக்குப் பால் குடுக்க வேண்டாமோ? நானும் வாறன்."

ஒன்பதாம் மாத ஊசிக்கு அவள் பிள்ளையைக் கொண்டுவந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். வரிசையில் நின்ற மற்றத் தாய்மாரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"முதல்தரம் படிவம் நிரப்ப வந்த அண்டைக்குக் கடைசிக் கேள்வியை நான் கேக்கேல்லை, பிள்ளை."

"தெரியும் மிஸ்" என்றாள், பிள்ளையின் சட்டையைக் கழற்றியபடியே. "நீங்கள் கேக்காமல் புள்ளடி போட்டதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். மிஸ்ஸுக்கே கேக்க விருப்பமில்லை, இனி ஆரிட்டைச் சொல்லுறது எண்டு நினைச்சனான். பேந்து ஒருநாள் உங்கடை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. கேற்றைத் திறக்க ஓடி வந்தனான்."