மர்ஜானா மைக் பிடித்த நாள்

ஆந்திர எல்லையோர ஸ்ரீ சிட்டியில் கார்களுக்கு வயர் கட்டும் அந்தத் தொழிற்சாலையில் மர்ஜானாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பழவேற்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள், போவாள். வெட்கமும் ஈமானை, இறைநம்பிக்கையைச் சேர்ந்ததுதான் என்று பள்ளிவாசல் பயானில் கேட்டு வளர்ந்தவள். வெட்கம் என்றால் வாய் மூடி இருப்பது என்று அவளாகவே ஓர் அர்த்தமும் வைத்திருந்தாள். ஆனால் லைன் லீடர் ஆகும் ஆசை மட்டும் உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. ஆசைக்கு ஏது முக்காடு!

அன்று காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் ரமணா மைக்கில் முழங்கினார்.

"ரெண்டு தினுசு கறுப்பு வயருங்க கலக்காம மேல ஒரு கொக்கி, கீழ ஒரு கொக்கி மாட்டுன ஐடியா நம்ம மர்ஜானாவோடது! இனிமே லைன் லீடர் அவங்கதான்!"

ஒரே கைதட்டல். மர்ஜானாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆசைப்பட்டது வந்தேவிட்டது! மேடைக்கு நடக்கும்போதுதான் பக்கத்து டேபிள் பிரித்திகா கண்ணில் பட்டாள். நகரிக்காரி. கொக்கி யோசனை அவளுடையது. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னதை மர்ஜானா தன் டேபிளில் மாட்டிப் பார்த்தாள். ரமணா கண்டது அதைத்தான். இப்போது பிரித்திகா தரையைப் பார்த்தபடி எல்லாரோடும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டால் போதும், பதவி கையில். யாருக்குத் தெரியப்போகிறது? அல்லாஹ்வுக்குத் தெரியுமே! மர்ஜானாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சிக்கு படொத்தம்மா, மாட்லாடு!" என்று ரமணா மைக்கை நீட்டினார். வெட்கப்படாமல் பேசச் சொன்னார். வெட்கம் என்னும் தெலுங்குச் சிக்கு அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாளெல்லாம் வயரில் சிக்கெடுக்கிறவளுக்கு அந்தப் பதற்றத்தில் தமிழ்ச் சிக்குதான் காதில் விழுந்தது.

"ஆமா சார், பெரிய சிக்கா கீது! இப்பவே எடுத்துடறேன்!"

ஹாலே சிரித்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஐடியா என்னுது இல்ல, பிரித்திகாவுது. நான் மாட்டிப் பாத்தேன், அவ்ளோதான்!"

சிரிப்பு அடங்கிப்போனது. ரமணா அவளையே பார்த்தார்.

"இத்தினி நாளா வாயே தொறக்க மாட்டியே. வெக்கம்லாம் எங்கம்மா போச்சு?"

"வெக்கமா கீதுன்னுதான் சார் பேசறேன். அடுத்தவங்களுத எடுத்துக்கினு அல்லா முன்னாடி எப்பிடி நிப்பேன்?"

ரமணா திரும்பிப் பிரித்திகாவை மேடைக்குக் கூப்பிட்டார். லீடர் பேட்ஜ் அவளுக்குத்தான் போனது. மர்ஜானாவுக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் முதலில் கைதட்டியது அவள்தான்.