ஒரு மணித்தியாலப் பறப்பு

பிள்ளைகளே, இதை இனியும் உங்களிட்டை மறைக்க எனக்கு மனமில்லை.

இங்கே பிராண்டே ஊரில் என்னோடு வேலை செய்த பீட்டர் கிரீன்லாந்துக்காரன். அங்கே வடக்குக் கோடியில் அவனுடைய தாய் கடும் வருத்தத்தில் படுக்கையாய்க் கிடந்தா. வியாழக்கிழமை வெளிக்கிட நின்றவனை நான்தான் மறித்தேன். சனிக்கிழமை உங்கட அக்கா பெரிய பிள்ளையானதுக்குச் சாமத்தியச் சடங்கு.

போனில் தேடிக் காட்டினேன். "கடைசி இரண்டு விமான நிலையத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்தான். எங்கட ஐயர் மண்டபத்துக்கு வந்து சேரவே அதைவிடக் கூட எடுக்கும்."

"அது காற்றில்லாத நாளில்," என்று சிரித்தான். ஆனாலும் எனக்காக நின்றான்.

வியாழன் வெளிக்கிட்டிருந்தால் அவன் ஏறியிருக்கக்கூடிய வெள்ளிக்கிழமை விமானம் பறந்ததாம். ஞாயிறு வெளிக்கிட்ட பீட்டரோ அந்தக் கடைசிப் பறப்புக்கு முன்னால் பனிப்புயலில் ஐந்து நாள் அடைபட்டுக் கிடந்தான். மூன்றாம் நாள் தாய் போய்விட்டா.

திரும்பி வந்தவன் என்னை ஏசவில்லை. "சடங்குப் படங்கள் வந்திட்டுதா?" என்று மட்டும் கேட்டான்.

யுத்த காலத்தில் கொழும்புக்குப் போக நாள்கணக்கில் காத்துக் கிடந்தவன் நான். தூரம் வேறு, போய்ச் சேருவது வேறு என்று எனக்குத் தெரியாதா?

சடங்கு வீடியோவில் ஆலாத்தித் தட்டுக்குப் பக்கத்தில் பீட்டர் சிரித்தபடி நிற்கிறான். நீங்கள் அதைப் போடும்போதெல்லாம் நான் எழும்பி அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போவது அதனால்தான்.