ஒரே போன் நம்பரில் நாலு பொன்னுசாமி

"கரும்பு வெட்டுறவங்க வூட்டுப் பொண்ணு. நாலு பட்டன் தட்டத் தெரிஞ்சா இருதயத்தப் பாத்துருவியா?" வேலையில் சேர்ந்த அன்று மருந்தாளுநர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே எடுக்கும் ஈசிஜியை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கள்ளக்குறிச்சியிலிருந்து இதய டாக்டர் பார்த்துச் சொல்வார்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த ஒரு காலையில், பொன்னுசாமி என்பவரை நெஞ்சுவலியோடு மனைவி கூட்டி வந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் போனில், "ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு குந்திக்கினு கீறாங்க. எப்ப வருவன்னு தெரியலங்க" என்றார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி டூட்டி டாக்டரிடம் இருந்தது. இதய டாக்டர் சொன்னால்தான் போடுவார்.

அந்த அம்மா சொன்ன போன் நம்பரையும் பெயரையும் தட்டினேன். ஒரு பழைய பதிவு வந்தது: பொன்னுசாமி, வயது ஐம்பது, ஊரும் சரி. அந்தப் பதிவிலேயே ஈசிஜியை ஏற்றினேன்.

இதய டாக்டர் கூப்பிட்டார். "போன மாச ஈசிஜிலயும் இதே மாற்றம் இருக்கும்மா. பழசுதான். ஊசி வேணாம்."

பொன்னுசாமியின் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. மனைவியிடம் கேட்டேன்: "போன மாசமும் இப்படித்தான் வலிச்சுதாங்க?"

"போன மாசம் இன்னா வலி? இன்னிக்குத்தான் மொத தபா ஆஸ்பத்திரிக்கே வராரு."

"இந்த நம்பர் உங்களுதுதானே?"

"டீக்கடக்காரருது. அங்கதான் டவர் கெடைக்கும். ஊரே அதத்தான் குடுக்கும்."

"உங்க ஊர்ல வேற பொன்னுசாமி இருக்காங்களா?"

"நாலு பேரு கீறாங்க. நீ யாரக் கேக்கற?"

பதிவில் தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. வரிசை நீளுதே என்று அதை எப்போதும் காலியாக விட்டுவந்தவள் நான்தான்.

இதய டாக்டருக்கு மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. "சார், பழைய ஈசிஜி வேற ஆளுதுங்க."

"யாரு மாத்தி ஏத்துனது?"

"நான்தாங்க சார்."

"திட்ட நேரமில்ல. அப்ப இது புது அடைப்பு. உடனே ஊசி போடச் சொல்லு."

மதியத்துக்குள் வலி குறைந்தது. ஆம்புலன்ஸ் மாலையில்தான் வந்தது. பொன்னுசாமி பிழைத்துக்கொண்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: போன் நம்பரை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். அன்று மாலை அந்த நம்பரை மட்டும் தட்டித் தேடியபோது முப்பத்தெட்டுப் பெயர்கள் வந்தன. அவற்றில் எந்த ஈசிஜி யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. இவற்றை நம்ப வேண்டாம் என்று இதய டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை பட்டியலோடு ஜீப்பில் ஏறி அந்த ஊரில் இறங்கினேன். முதல் வீட்டிலிருந்து வெளியே வந்தவரிடம் கேட்டேன்: "உங்க அப்பா பேரு இன்னாங்க?"