ஓர் ஆள் எடை

அந்த வட்டாரத்துக் கிளினிக்குகளில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். ரத்தக் குழாய்கள் அடுக்கிய நீலப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கி, பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது வேலை. முன்பு அதே வண்டியில் அதே வேலையைச் செய்தவன் அவள் கணவன். ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போனதும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிலர் கல்நெஞ்சு என்றார்கள், சிலர் தைரியசாலி என்றார்கள். இரண்டும் காதுவரை வந்தன. அதற்குமேல் உள்ளே போகவில்லை.

கூடத்தில் குழாய்களை மெஷினில் சுழற்றிப் பார்க்கும் டெக்னீஷியனை எல்லாரும் கண்ணாடி அக்கா என்பார்கள். அவள் ஒருநாள் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருடி. சுத்தி எடுத்தா மேல மஞ்சளாத் தெளிஞ்சு நிக்கணும். இது சிவப்பா நிக்குது. ரத்தம் கொண்டுவரச் சொன்னா சோடா பாட்டில் மாதிரியில்ல குலுக்கிட்டு வர்றே?"

"மெதுவாத்தான் வந்தேன்க்கா."

"அப்புறம் எப்படி ரத்த அணு உடையுது? இப்ப ஒரு தாத்தாவுக்கு மறுபடி குத்தணும். நரம்பே கிடைக்காத கை அது. இப்படியே வந்தா உன் ரூட்டைக் காருக்கு மாத்திடலாம்ங்கிறாரு மேனேஜர். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

வீட்டு வாடகைக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் அந்தப் பெட்டி ஒன்றுதான் கதி. அது அவளுக்குத் தெரியும், பஸ் வரும் நேரம் தெரிவதைப்போல.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டாள். கணவன் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்பவன். ஸ்பேனர் என்றால்தான் தெருவில் தெரியும். பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு ஷாக் அப்சார்பரும் ஆயில் கசிஞ்சு செத்துப்போச்சுக்கா" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் கேஸ் அடைத்த ஷாக் இரண்டு வாங்கிப் போட்டான். முன்சக்கரத்து ஃபோர்க்கில் கறுத்துக் கிடந்த ஆயிலையும் மாற்றினான். "இனிமே மேகத்துல போற மாதிரி போகலாம்" என்றான்.

அடுத்த சுற்றில் சிவந்த குழாய்கள் கூடிவிட்டன. நாளை ஒரு நாள் பார்ப்பேன், அதோடு சரி என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"புது ஷாக்குக்கா! ராஜா மாதிரி போகணுமே" என்று ஸ்பேனர் பதறினான். "உங்களுக்கு முதுகு வலிக்குதா?"

அவள் யோசித்தாள். "தெரியலை."

"முதுகு உங்களோடதுதானேக்கா?"

"நிஜமாவே தெரியலைப்பா."

பொய்யில்லை. எத்தனை குழி, எத்தனை வேகத்தடை வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். பெட்டிக்குள் இருந்த ரத்தத்துக்குத் தெரிந்தது அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

அவளைப் பெட்டியோடு வண்டியில் உட்காரவைத்து, பின்சக்கரத்துக்கு மேல் டேப் பிடித்து அளந்தான். உட்கார்ந்தால் வண்டி கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றது. அவன் டேப்பைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான்.

"தப்பு என்னோடதுக்கா. அண்ணன் வச்சிருந்த மாதிரியே வச்சுட்டேன். அண்ணன் தாட்டியான ஆளு, பின்னால நீங்க. அதனால கெட்டி ஸ்பிரிங்கா கேட்டு வாங்கினேன். அடியில ஸ்பிரிங்கை இறுக்குற வளையத்தையும் கடைசிப் படிக்கு ஏத்திட்டேன். கடைக்காரன் யாருக்குன்னு கேட்டான். ரெண்டு பேருக்குன்னு வாய் சொல்லிடுச்சு."

அவன் அந்த வளையத்தைத் துணியால் துடைத்தான்.

"அப்படியே இருக்கணும்னா சொல்லுங்க, வேற ஏதாவது…"

"மாத்து."

"அக்கா…"

"ஒரு ஆளுக்கு வை. பெட்டி கனத்தையும் தூக்கிப் பார்த்துக்க."

கடைக்கு ஓடி மெல்லிய ஸ்பிரிங் மாற்றி வாங்கிவந்தான். "நீங்க ஒரு கோழி எடைதான்க்கா" என்று சிரிக்கப் பார்த்தான். பூட்டி முடித்து, வளையத்தில் கொக்கிச் சாவியை மாட்டி ஒரு படி இறக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"போதுமாக்கா?"

"உட்கார்ந்து பார்க்கிறேன்." உட்கார்ந்தாள். "இன்னும் இறக்கு."

இன்னொரு படி. அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

மறுநாள் பெட்டி நிறையக் குழாய்களோடு வந்தாள். வேகத்தடையில் வண்டி முட்டி மடக்கி எழுவதுபோல் இறங்கி ஏறியது. முன்போல் திருப்பி உதைக்கவில்லை. பாலத்து வளைவில் பின்சக்கரம் ஆடாமல் பின்தொடர்ந்தது. அவள் கவனித்துக்கொண்டாள்.

கண்ணாடி அக்கா ஒவ்வொன்றாகச் சுழற்றி எடுத்து வரிசையாக நிறுத்தினாள். அத்தனையும் மஞ்சள். உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"காரும் வேணாம் கத்திரிக்காயும் வேணாம்னு சொல்லிட்டேன். ரூட் உன்னுது."

"சரிக்கா."

"சரியாம் சரி! இதுக்குக்கூடச் சிரிக்க மாட்டியாடி?"

முயன்று பார்த்தாள். உதடு கொஞ்சம் அசைந்தது. அக்காவுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. அதற்குமேல் அவளிடம் இல்லை. காலிப் பெட்டியைத் துடைத்து, வண்டியில் கட்டி, மதியச் சுற்றுக்குக் கிளம்பினாள்.