அவள் படுத்துத் தூங்கிய ஒன்பது நாட்கள்

என் மனைவி மடுல்சீமை மலையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவளுக்கு இழுப்பு நோய். படுத்தால் மூச்சு முட்டும். சுவரோரம் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணையைச் சாய்த்து, முதுகை அதில் கொடுத்துக் கண்ணை மூடுவாள். விடியும்போது எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியிருப்பாள்.

"தூங்குனியா?" என்று கேட்பேன்.

"பெட்டி நல்லா தூங்குச்சுங்க. நான் காவலுக்கு இருந்தேன்" என்பாள்.

இப்படிப் பேசுகிறவளுக்கு என்ன நோய் இருந்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டு நான் ஸ்டோருக்குப் போய்விடுவேன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் அங்கே டீமேக்கர்; கொழுந்து தேயிலையாகி வெளியே போகும்வரை என் பொறுப்பு. கங்காணியின் மகனாகப் பிறந்து, கண்டியில் படித்து, இருபத்தைந்து வயதில் அந்த வேலைக்கு வந்தேன். வேலையை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. ஆடி மாதம் பிறந்ததும் எங்கள் மலைக்கு ஒரு வறண்ட காற்று வரும். மேற்கே மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமில்லாமல் மலையைத் தாண்டி இறங்குகிற காற்று. அது அடிக்கும் நாட்களில் கொழுந்து செடியிலேயே சற்று வாடிப் போகும். உருட்டிப் பரப்பி வைத்தால் அதிலிருந்து எழுகிற மணத்துக்கு என்னிடம் உவமை கிடையாது. நானும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான்; அப்படி ஒரு மணம் வேறு எதிலும் கண்டதில்லை. அந்தச் சில வாரங்களுக்காக மற்ற மாதங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். பொறுத்துக்கொண்டவள் அவள்.

பதுளை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டர், இழுப்பு வந்த நாலாம் வருஷம் என்னைத் தனியே கூப்பிட்டார். "பனியும் அடுப்புப் புகையும் இந்த நெஞ்சுக்கு ஆகாது. உங்களுக்கும் வயதாகிறது. வேலையை விட்டுவிட்டுச் சூடான கடற்கரையாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்" என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலையை விட்ட மறுவாரம் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே போவதென்று முடிவானால் ஒரேயடியாகப் போவதுதான்.

அன்று மாலை தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளில் ஒன்றை எடுத்து நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல். கடல் பக்கத்தில், "மூச்சு" என்று முதலில் எழுதினேன். மலைப் பக்கத்தில் எழுத இடம் போதவில்லை. வெலிமடையிலிருந்து வரும் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், குடிக்கப் பல் கூசும் தண்ணீர், கொசு இல்லாத வீடு, தெரிந்த முகங்கள், முப்பது வருஷப் பெயர். அவள் எட்டிப் பார்த்தாள். "லீக்ஸையும் சேத்தாச்சா? அப்ப மூச்சு தோத்துரும்" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, பேச்சு நின்றுபோனது.

பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்துக் கரையோர ஊரைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி. மாட்டு வண்டியில் கருவாடும் தேங்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புவார். அண்ணன் என்கிற பொருளில் எல்லோருக்கும் அவர் நானா. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் அவருக்கு ஒரு சின்ன வீடு சும்மா கிடந்தது.

"ஐயா, தாள்ல எழுதி என்னத்தக் காணப் போறீங்க? மாசி மாசம் என்ட வண்டியிலயே வாங்க. பத்து நாள் இரிந்து பாருங்க. கடல் ஒண்டும் கடிக்காது" என்றார்.

"நமக்குக் கடல் பழக்கம் இல்லையே நானா. எங்கப்பா கடலைத் தாண்டி வந்தவர். அதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை."

"அவரு கப்பல்ல வந்தவரு. வாந்தியெடுத்தவன்ட சாப்பாட்டப் பத்திக் கேக்கலாமா?" என்றவர், சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட மூக்கு தேயிலைக்கு ஐயா. தங்கச்சிட மூக்கு மூச்சுக்கு. ரெண்டுல எது பெரிசு?"

போனோம். பசறை, லுணுகலை, பிபிலை என்று வண்டி இறங்க இறங்க அவள் ஒவ்வொரு சால்வையாகக் கழற்றி மடித்து வைத்தாள். ஆறாம் நாள் வாவியைப் பார்த்தோம். இவ்வளவு தண்ணீர் சத்தமில்லாமல் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் தண்ணீர் என்றாலே விழுந்துகொண்டிருக்கும். நானா வீட்டு வாசலில் தென்னோலைக் கிடுகு வேலி, இரண்டு முந்திரி மரம், வெள்ளை மணல். கொஞ்சம் நடந்தால் கடல். அவள் அதன் முன்னால் போய் நின்று, "யாரு இவ்வளவையும் பெருக்கித் துடைக்கிறது?" என்றாள். அன்று சாயங்காலம் வாங்கிய மீனை அவளே ஆக்கினாள். சாப்பிட்டுப் புதுப் பாயில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து படுத்தாள். பயந்துபோய் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஒரு விசில் சத்தமும் இல்லை. வாய் மூடியிருந்தது. ஒருக்களித்த கன்னம் பாயில் பதிந்திருக்க, குழந்தைபோல விடியும்வரை தூங்கினாள்.

விழித்ததும், "என்னங்க, நான் படுத்தா தூங்குனேன்?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது.

"இல்ல. சாஞ்சுதான் இருந்த. விடியறப்பதான் சரிஞ்ச. வண்டிக் களைப்பு" என்றேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை; கை பழகிய வேலைபோல வாய் தானாகச் செய்தது. அது எந்தப் பழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழை நாளில் பெண்கள் கொண்டுவரும் கொழுந்து நனைந்திருக்கும். நனைந்த கொழுந்தை அப்படியே நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுத்ததாகும். ஆகவே கூடைக்கு இத்தனை ராத்தல் என்று ஈரத்துக்குக் கழிப்போம். எவ்வளவு கழிப்பது என்று நான்தான் கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்வேன். நாளடைவில் கை காய்ந்த கொழுந்தையும் நம்பவில்லை. வெயில் நாளிலும் கழித்தேன். ஒருமுறை ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐயா தராசுல மட்டும் வெயில்லயும் மழை பேயுது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கழிவைக் குறைக்கவில்லை. அந்தப் பேச்சு என் மனைவி காதுவரை போனது. அந்தப் பெண்களுக்கும் நான் கடன்பட்டவன்.

ஒன்பது நாளும் கடற்கரையில் அதே தராசைத்தான் பிடித்தேன். அவள் நிற்காமல் கடல்வரை நடந்து போய்த் திரும்பினாள். மேடில்லாத மண், யாரும் நடக்கலாம் என்று கழித்தேன். அவள் பாடிக்கொண்டே துணி துவைத்தாள். ஓய்வு கிடைத்தால் எந்த உடம்பும் தேறும் என்று கழித்தேன். ஒவ்வொரு விடியலிலும் அதே கேள்வியைக் கேட்டாள், நானும் அதே பதிலைச் சொன்னேன். நாலாம் நாளோடு கேட்பதை விட்டுவிட்டாள். கொசுவையும் வெக்கையையும் மட்டும் ஒரு ராத்தல்கூடக் குறையாமல் நிறுத்துக்கொண்டேன். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் கொதிக்குமாமே என்று நானாவிடம் கேட்டேன். "அது ஒங்கட மலையால வாற காத்துத்தான் ஐயா. அங்க ஒங்களுக்குத் தேயிலைய மணக்க வைக்கிது, இஞ்ச எங்களப் பொரிக்கிது" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன முடிவுங்க?" என்றாள்.

"இந்தச் சீசன் முடியட்டும்" என்றேன். "அந்த ஊருலயும் உனக்குப் பெரிய வித்தியாசம் தெரியலியே."

அவள் பெட்டியைத் துடைத்துத் தலையணைகளை எடுத்து வைத்தாள்.

ஏழு சீசன் முடிந்தது. தோட்டத்துத் துரை என்னைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லிக் கெஞ்சவுமில்லை. என் தேயிலையைச் சீமையில் மெச்சுகிறார்கள் என்று வருஷம் ஒருமுறை சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இருந்தேன். ஏழாம் வருஷம் மார்கழியில், தண்ணீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடும் நகமும் நீலம். கொழுந்து எடுக்கும் பெண்கள் அவளை ஒரு நாற்காலியில் வைத்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, சறுக்குகிற பாதையில் ரோடுவரை தூக்கிப் போனார்கள். தராசைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணும் தோள் கொடுத்தாள். "அம்மா ஒண்ணும் கனமில்ல ஐயா, பயப்படாம வாங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னதும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "நீங்கள் போகவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இழுத்து இழுத்து நெஞ்சு விரிந்து தளர்ந்துவிட்டது, இனி எந்த ஊர்க் காற்றும் அதைப் பழையபடி ஆக்காது, ஆனாலும் போவது நல்லது என்றார். வேலையை அந்த வாரமே விட்டேன். முப்பத்தேழு வருஷத்தை விடுவதற்கு ஒரு தாளும் கையெழுத்தும் போதுமாக இருந்தன.

இப்போது நானாவின் அந்தச் சின்ன வீட்டில் இருக்கிறோம். மோட்டாரில் வந்ததால் இந்தத் தடவை வழி சுருங்கிவிட்டது. தேயிலைப் பெட்டியும் கூட வந்தது, அது இல்லாமல் அவளால் தூங்க முடியாது. இந்தக் கரையைப் பற்றி நான் தாளில் எழுதாமல் விட்டவை எத்தனை! விடிகாலை வாவியில் தோணிகள் சத்தமில்லாமல் போவதையும், எருமைத் தயிர்ச் சட்டியின் மேல் கட்டியிருக்கும் ஆடையையும், பேர் தெரியாதவர்களுக்கும் மீனில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும் அடுத்த வீட்டாரையும் எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன்? மாரியில் வெள்ளம் வாசற்படிவரை வந்தது. அதுவும் உண்மை. நானாவின் மனைவி சோற்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தாள் என்பதும் உண்மை. பகலில் என் மனைவி பரவாயில்லாமல் நடமாடுகிறாள். படுக்க மட்டும் முடிவதில்லை.

இந்த ஆடியில் கச்சான் தொடங்கிய அன்று, "உங்க காத்து வந்துருச்சுங்க. மணக்குதா பாருங்க" என்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முதல் தடவை வந்தபோது ஒன்பது நாளும் அவள் படுத்துத் தூங்கியதைச் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எந்திரிச்சா கன்னமெல்லாம் பாய் அச்சு. விடியறப்ப சரிஞ்சா அவ்வளவு ஆழமா விழுமா? கையால தடவித் தடவிப் பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நாலு நாள் கேட்டேனே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லலைன்னதும், இந்த மனுஷனுக்கு அந்த ஸ்டோரு அவ்வளவு வேணும்போலன்னு விட்டுட்டேன். ஆடி மாசம் நீங்க வீட்டுக்கு வர்றப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அதையும் பாக்கணும்னு எனக்கு ஆசைதான்."

அவள் விட்டுக்கொடுத்தது என் குற்றத்தைக் குறைப்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுடைய அளவு எனக்குத் தெரியாமல் போனது என்பதைத்தான் அது காட்டியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டாச்சுல்ல, போய் மீனை வாங்குங்க" என்றாள்.

நேற்று விடியற்காலை கண் விழித்தபோது பெட்டியில் அவள் முதுகு இல்லை. கீழே சரிந்து, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுப்பப் போன கையை இழுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு இருமி எழுந்தாள்.

"படுத்தா இருந்தேன்?"

"ஆமா. நான் பாத்ததுலேருந்து கால் மணி நேரம்."

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "அச்சு விழலியே."

"விழல. ஆனா கால் மணி நேரம் படுத்திருந்த."

"இன்னைக்குத் தராசுல மழை இல்ல போல" என்று சொல்லி, தலையணைகளை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.