மீனுக்கு ஊற்றிய கேன் தண்ணீர்

போன வாரம் மூன்று உயிர்களைக் கொல்லப் பார்த்தேன். பதறாதீர்கள்... எல்லாம் பாசத்தினால்தான்!

மகளைப் பார்க்கக் கோவை போன மனைவி, தன் மூன்று தங்கமீன்களை என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். எங்கள் விளாங்குடிப் பக்கம் போர்வெல் தண்ணீர் ஒரே சுண்ணாம்பு. வாளியில் பிடித்து வைத்தால் வெள்ளையாகப் படலம் கட்டும். நாம் மட்டும் கேன் தண்ணீர் குடிக்க, பாவம், மீன்களுக்கு இந்தக் கண்றாவியா? தொட்டியைக் காலி செய்து, ஆர்.ஓ. தண்ணீரை இரண்டு கேன் ஊற்றினேன்.

மறுநாள் மூன்றும் அடியில் படுத்துக் கிடந்தன. இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிடுவாள்... என்ன பதில் சொல்வது?

மீன் வாங்கிய கடைக்கு ஓடினேன். கடையை நடத்தும் பெண் விலங்கியல் படித்தவர்.

"என்னண்ணே, கேன் தண்ணியவா ஊத்துனீங்க? அதுல சுண்ணாம்புச் சத்தே இருக்காதே! நாம கால்சியத்தைச் சாப்பாட்டுல எடுக்குறோம். மீனு பெரும்பாலும் தண்ணியில இருந்து செவுள் வழியாத்தான் எடுத்துக்கிரும்."

"அப்ப போர் தண்ணியில இம்புட்டு சுண்ணாம்பு இருக்கே, அம்புட்டும் உள்ள போயிராதா?"

"போகாதுண்ணே. தண்ணியில கொறைஞ்சா செவுள் கூடுதலா இழுக்கப் பாக்கும். ஒடம்புக்குப் போதும்னா ஒரு ஹார்மோன் சுரந்து, இழுக்குறதைக் கொறைச்சிரும். ஒண்ணுமே இல்லாத தண்ணியில அது எதை இழுக்கும்? போயி போர் தண்ணிய சொம்பு சொம்பா, நேரம் விட்டு ஊத்துங்க. ஒரேயடியாக் கொட்டி மறுபடியும் பாசத்தைக் காட்டிராதீங்க!"

போதும் என்பது செவுளுக்குத் தெரிகிறது. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்கும் எனக்கு? சரி, அதை விடுங்கள்.

இரண்டு நாள் சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஒன்று மேலே வந்து இரையைக் கவ்வியது. பின்னாலேயே மற்ற இரண்டும் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

நமக்கு நல்லது என்றால் எல்லோருக்கும் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறதே... எத்தனை பேரைப் படுத்துகிறது! அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? மீனிடம் கேட்க முடியாதுதான். கடைக்காரரிடமாவது கேட்டிருக்கலாம்.

ஞாயிறன்று வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"கல்யாணமானதுல இருந்து என்னையும் இப்படித்தானே பாத்துக்கிறீங்க!"

சுருக்கென்றது. தினமும் காலையில் அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பது நான்தான். மறுநாள், முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன் — "உனக்குக் காபியா, டீயா?"

டீயாம்!